ரெண்டு பேர் பேசிக்காத டீம்ல நடுவுல மாட்டிக்கிட்டா என்ன பண்றது?

நீங்க கேட்டதை மொதல்ல சுருக்கமா சொல்லிடறேன். எட்டு பேர் இருக்கற சாஃப்ட்வேர் டீம், அதுல ரெண்டு சீனியருங்க ஆறு மாசமா முகம் குடுத்துப் பேசிக்கறதில்ல, ஒருத்தர் டெவலப்மென்ட் ஒருத்தர் டெஸ்டிங், எதுவா இருந்தாலும் "அவர்கிட்ட சொல்லிடு"ன்னு உங்க வழியாவே போகுது வருது, மேனேஜர்கிட்ட சொன்னா "உங்களுக்குள்ள பார்த்துக்கங்கப்பா"ன்னுட்டாரு, மீட்டிங்ல யாரும் வாயே தொறக்கறதில்ல. எச்ஆர் கிட்ட போலாமா, இல்ல வேற வேலை தேடிக்கலாமான்னு கேக்கறீங்க.

நான் இருபது வருஷமா இந்த மாதிரி பஞ்சாயத்துலயே குடித்தனம் பண்ணவன். மொத பதினோரு வருஷம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் கார் பார்ட்ஸ் பண்ற ஒரு ஃபேக்டரில பர்சனல் டிபார்ட்மென்ட், அப்புறம் ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனில எச்ஆர். ரெண்டு இடத்துலயும் சண்டையோட சாயம்தான் வேற, துணி ஒண்ணேதான். அதனால சொல்றேன், நீங்க எழுதினதுல எனக்கு பெருசாப் பட்டது அந்த ரெண்டு பேர் சண்டை கிடையாது, கடைசில போற போக்குல எழுதியிருக்கீங்களே, மீட்டிங்ல யாரும் வாயே தொறக்கறதில்லன்னு, அதுதான். அதோட இன்னொண்ணு, நீங்க தூது போறீங்க பாருங்க, அது நீங்க நெனைக்கறதை விட ஆபத்து. ஏன்னு ஒரு கதையோட சொல்றேன்.

ஃபேக்டரில ஒரு சிஎன்சி லைன், அதாவது கம்ப்யூட்டர் சொல்றபடி இரும்பை வெட்டற மெஷினுங்க வரிசை. புரொடக்‌ஷன் சூப்பர்வைசர் ஒருத்தர், குவாலிட்டில ஒரு இன்ஸ்பெக்டர், ரெண்டு பேரும் ஒரே பஸ்ல வந்து போனவங்க, ஒருத்தர் வீட்டு விசேஷத்துக்கு இன்னொருத்தர் பந்தி பரிமாறினவங்க. ஒருநாள் காலைல ரிவியூ மீட்டிங்ல ஒரு லாட் ரிஜெக்ட் ஆன விஷயம் வந்துச்சு, பிளான்ட் ஹெட் எல்லார் முன்னாடியும் "இது யாரோட தப்பு?"ன்னு கேட்டாரு. ரெண்டே செகண்ட் மௌனம், அப்புறம் இவரு அவரை கை காட்டினாரு, அவரு இவரை கை காட்டினாரு. அன்னிக்கு சாயங்காலம் பஸ்ல வேற வேற சீட்டு. சின்னப் பசங்க கா விடற மாதிரி நாப்பது வயசு ஆளுங்க கா விட்டுட்டாங்க. அதுக்கப்புறம் நாலு மாசம் அவங்களுக்கு நடுவுல ஓடினது ஒரு ஹெல்பர் தம்பி, ஐடிஐ முடிச்சு வந்து ஆறு மாசம் கூட ஆகல.

நாலாவது மாசம் ஒரு நைட் ஷிப்ட். மெஷின்ல வெட்டற முனை, இன்சர்ட்டும்பாங்க, அது தேஞ்சு போடற துளையோட சைஸ் கொறஞ்சுக்கிட்டே வருது, துளை சரியான்னு விட்டுப் பாக்கற கோ கேஜ் உள்ள போக மாட்டேங்குது. இன்ஸ்பெக்டர் தம்பிகிட்ட "மெஷினை நிறுத்தச் சொல்லு, அந்தாளுக்கு கண்ணு தெரியலயான்னு கேளு"ன்னு கத்தறாரு. தம்பி என்ன பண்ணுவான், அந்தப் பக்கம் போய் "அண்ணே, கேஜ் கொஞ்சம் டைட்டா இருக்காம்ணே, முடிஞ்சா பாருங்களாம்"னு சொல்லியிருக்கான். சூப்பர்வைசரும் "சரி சரி, டீ குடிச்சிட்டு பாக்கறேன்"ன்னு விட்டுட்டாரு. காலைல எண்ணிப் பாத்தா ஒரு ஷிப்ட் சரக்கு முழுக்க வேஸ்ட். என்குயரி எங்கிட்டதான் வந்துச்சு. மூணு பேர்கிட்டயும் தனித்தனியா கேட்டேன், மூணு பேரும் உண்மையத்தான் சொன்னாங்க, ஒருத்தரும் பொய் சொல்லல. "நிறுத்து"ங்கற வார்த்தை நாப்பது அடி நடந்து போறதுக்குள்ள "முடிஞ்சா பாருங்க"ன்னு ஆயிடுச்சு, அவ்வளவுதான் விஷயம்.

அந்தத் தம்பிய குத்தம் சொல்ல முடியுமா? கோவமா சொன்னா இவர்கிட்ட திட்டு வாங்கணும், சொல்லாம விட்டா அவர்கிட்ட. அதனால பூசி மெழுகிச் சொன்னான். நீங்களும் அதையேதான் பண்ணிக்கிட்டு இருப்பீங்க, யோசிச்சுப் பாருங்க. டெஸ்டிங்காரரு "இந்த பில்டு குப்பை, ரிலீஸ் பண்ணவே கூடாது"ன்னா நீங்க அந்தப் பக்கம் போய் "சார், சின்னச் சின்ன இஷ்யூ இருக்காம், முடிஞ்சப்ப பாக்கணுமாம்"னுதானே சொல்றீங்க? அதை நல்ல மனசுலதான் பண்றீங்க, ஆனா அதுலதான் தகவல் சாகுது.

இந்தப் பூசி மெழுகற வியாதிய ஒழுங்கா உக்காந்து ஆராய்ஞ்சது விமானத் துறைக்காரங்கதான், ஏன்னா அங்க பாடம் படிக்க குடுத்த விலை அப்படி. 1977 மார்ச் 27, ஸ்பெயினோட கேனரி தீவுகள்ல டெனெரீஃப்னு ஒரு தீவு, லாஸ் ரோடியோஸ் ஏர்போர்ட், செம மூடுபனி. நெதர்லாந்து கம்பெனி கேஎல்எம்மோட 747 ஜம்போ விமானம் ஒண்ணும் அமெரிக்கக் கம்பெனி பான் ஆமோட ஜம்போ ஒண்ணும் ரன்வேலயே மோதி 583 பேர் செத்தாங்க, இன்னி வரைக்கும் விமான விபத்துலயே அதுதான் பெருசு. கேஎல்எம் கேப்டன் சாதாரண ஆளு இல்ல, அந்தக் கம்பெனில 747 ஓட்ட மத்தவங்களுக்கு ட்ரெயினிங் குடுக்கறவரு, கம்பெனி விளம்பரத்துலயே அவரு படம் வந்திருக்கு, பக்கத்துல உக்காந்திருந்த கோ பைலட்டுக்கு ரெண்டு மாசம் முன்னாடி பரிட்சை வச்சு பாஸ் போட்டவரும் அவரேதான். கேப்டன் மொத தடவை கிளம்பப் பாத்தப்போ கோ பைலட் இன்னும் கிளியரன்ஸ், அதாவது கன்ட்ரோல் டவர் அனுமதி, வரலன்னு சொல்லிட்டாரு, கேப்டனும் நிறுத்தினாரு. ரெண்டாவது தடவையும் டேக் ஆஃப் கிளியரன்ஸ் இல்லாமலேதான் கிளம்பினாரு, அப்போ கோ பைலட் தடுக்கல. விமானம் ரன்வேல ஓட ஆரம்பிச்சப்புறம் பின்னாடி இருந்த ஃபிளைட் இஞ்சினியர், அந்த பான் ஆம் இன்னும் ரன்வேய விட்டு வெளிய போகலயோன்னு சந்தேகமா ஒரு கேள்வி மட்டும் கேட்டாரு. கேப்டன் அழுத்தமா, அதெல்லாம் போயிடுச்சுங்கற மாதிரி பதில் சொன்னாரு. இஞ்சினியர் திருப்பிக் கேக்கல. உயிர் போற நேரத்துல கூட ஒரு மனுஷன் பெரியவர்கிட்ட "நிறுத்துங்க"ன்னு சொல்றதுக்குப் பதிலா கேள்வி வடிவத்துல ஜாடையாக் கேக்கறான்னா, நம்ம ஆபீஸ் மீட்டிங்ல ஏன் யாரும் வாய் தொறக்கலன்னு நாம ஆச்சரியப்படவே கூடாது.

அடுத்த வருஷமே, 1978 டிசம்பர்ல, அமெரிக்காவுல போர்ட்லேண்ட் பக்கத்துல யுனைடெட் விமானம் ஒண்ணு எரிபொருள் தீர்ந்து விழுந்துச்சு, பத்து பேர் செத்தாங்க. லேண்டிங் கியர், அதாவது எறங்கறதுக்கான சக்கரம், என்னாச்சுன்னு கேப்டன் ஒரு மணி நேரமா சுத்திக்கிட்டே இருக்காரு, எரிபொருள் கொறையுதுன்னு கூட இருந்தவங்க சொல்லத்தான் செஞ்சாங்க, ஆனா கேப்டனுக்கு உறைக்கற மாதிரி சொல்லல. அதுக்கப்புறம் 1979ல நாசா இதுக்குன்னே ஒரு கூட்டம் போட்டாங்க, 1981ல யுனைடெட் கம்பெனி தன்னோட பைலட்டுங்களுக்கு ட்ரெயினிங் ஆரம்பிச்சாங்க. இந்த ட்ரெயினிங்ல பாதி சின்னவங்களுக்கு எப்படி அழுத்திச் சொல்றதுன்னு, மீதி பெரியவங்களுக்கு எப்படிக் காது குடுக்கறதுன்னு. நம்ம ஊர் கார்ப்பரேட் ட்ரெயினிங்கெல்லாம் மொதப் பாதியோட நின்னுடும், "அசெர்டிவா இருங்க"ன்னு சின்னவங்களுக்கு கிளாஸ் எடுத்து சமோசா குடுத்து அனுப்பிடுவாங்க, காது குடுக்க வேண்டிய ஆளு அந்த ரூம் பக்கமே வர மாட்டாரு.

சரி, பேச பயப்படற சூழ்நிலை எப்படி உருவாகுதுன்னு பாக்கலாம். 1961ல ஜாக் கிப்னு ஒரு அமெரிக்க உளவியல்காரர் எழுதினது இன்னிக்கும் பழசாகல. எட்டு வருஷம் குழுக்கள் பேசிக்கிட்டதோட பதிவுகளைக் கேட்டுட்டு எழுதினாரு. எந்த மாதிரி பேச்சு எதிராளியை கவசம் போட வைக்குது, எந்த மாதிரி பேச்சு அவனைக் கொஞ்சம் இளக வைக்குதுன்னு ஆறு ஜோடியாப் பிரிச்சாரு. தீர்ப்பு சொல்றதா நடந்ததைச் சொல்றதா, ஆளை அடக்கப் பாக்கறதா பிரச்சினையப் பாக்கறதா, உள்ள ஒண்ணு வச்சு வெளிய ஒண்ணு பேசறதா வெளிப்படையா பேசறதா, எனக்கென்னன்னு இருக்கறதா அக்கறை காட்டறதா, நான் பெரியவன்ங்கறதா சமமா நடத்தறதா, நான் சொன்னதுதான் முடிவுங்கறதா மாத்திக்கவும் தயார்ங்கறதா.

ஆறையும் விளக்க மாட்டேன், உங்களுக்கு ரெண்டு போதும். மொதலாவது, தீர்ப்பும் நடந்ததும். "இது யாரோட தப்பு"ங்கறது தீர்ப்புக் கேள்வி, கேட்ட மறு நொடி ரூம்ல இருக்கற எல்லாரும் வக்கீல் ஆயிடுவாங்க, சாட்சி ஒருத்தரும் மிஞ்ச மாட்டாங்க. "எத்தனாவது பீஸ்ல சைஸ் மாற ஆரம்பிச்சுது"ன்னு கேட்டிருந்தா ரெண்டு பேரும் போட்டி போட்டு ரெஜிஸ்டரைப் புரட்டியிருப்பாங்க. ஒரே விஷயம், கேட்ட விதம்தான் வேற. உங்க டீம்ல டெஸ்டிங்காரரு பக், அதாவது பிழை, பதிவு போடும்போது என்ன எழுதறாருன்னு பாருங்க, "பேசிக் டெஸ்டிங் கூட பண்ணாம குடுத்திருக்காங்க"ன்னு எழுதறாரா, இல்ல "இந்த ஸ்கிரீன்ல இந்த பட்டனை ரெண்டு தடவை அழுத்தினா பேமென்ட் ரெண்டு தடவை போகுது"ன்னு எழுதறாரா. மொதலாவதா இருந்தா அங்கதான் புகை கிளம்புது.

ரெண்டாவது, உங்க மேனேஜருக்குன்னே எழுதின மாதிரி இருக்கறது, அந்த எனக்கென்னன்னு இருக்கறது. "உங்களுக்குள்ள பார்த்துக்கங்க"ங்கறதை அவரு நடுநிலைன்னு நெனைச்சுக்கிட்டு இருப்பாரு. கேக்கறவங்களுக்கு அது நடுநிலையா விழாது, இங்க நீங்க அடிச்சுக்கிட்டாலும் எனக்கு ஒண்ணும் இல்லன்னுதான் விழும். அவரு கெட்டவரா இருக்கணும்னு இல்ல, முக்காவாசிப் பேருக்கு இந்த மாதிரி சண்டைல கை வச்சா ரெண்டு பக்கமும் பகையாயிடுமோன்னு பயம், நல்லா கோடு எழுதறான்னு மேனேஜர் ஆக்கியிருப்பாங்க, ஆளுங்களோட கோவத்தை எப்படிக் கையாளறதுன்னு யாரும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டாங்க.

இப்ப ஆளுங்க சண்டைய எப்படி சமாளிக்கறாங்கங்கறதுக்கு வருவோம். 1974ல தாமஸ், கில்மேன்னு ரெண்டு பேர் ஒரு கேள்வித்தாள் போட்டாங்க, முப்பது ஜோடி வாக்கியம், ஒவ்வொண்ணுலயும் ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும். அதை வச்சு நீங்க மல்லுக்கு நிக்கிற ஆளா, விட்டுக் குடுக்கிற ஆளா, ஒதுங்கிற ஆளா, பாதிக்குப் பாதி பேரம் பேசற ஆளா, இல்ல ரெண்டு பேருக்கும் சரியா வர்றதை உக்காந்து தேடற ஆளான்னு சொல்லுவாங்க. எச்ஆர்ல இருக்கறவங்க இதை கிளி ஜோசியம் மாதிரி ஆக்கிட்டாங்க, "நீங்க ஒதுங்கற டைப்"னு சீட்டு எடுத்துக் குடுத்துடறாங்க. நான் பாத்தது என்னன்னா ஆளுக்கு ஒரு டைப்னு நெலையா எதுவும் கிடையாது. வீட்டுல அண்ணன் தம்பிகிட்ட மல்லுக்கு நிக்கறவன் ஆபீஸ்ல டைரக்டர் முன்னாடி பூனையா இருக்கான். இடம்தான் ஆளைத் தீர்மானிக்குது. ஒருதடவை உண்மையச் சொல்லி அடி வாங்கினவனை ஒதுங்கற டைப்னு சொல்றது எந்த ஊர் நியாயம்?

ஒதுங்கறதும் எப்பவும் தப்பு இல்ல. ஏசி எத்தனை டிகிரில இருக்கணும்ங்கற சண்டைக்கெல்லாம் உக்காந்து பொதுத் தீர்வு தேடினீங்கன்னா உங்களைத்தான் பைத்தியம்பாங்க. ரெண்டு பேரும் கொதிச்சுக்கிட்டு இருக்கறப்போ ஒருநாள் தள்ளிப் போடறது புத்திசாலித்தனம். ஆனா நம்ம ஆபீஸ்கள்ல ஒதுங்கறது சும்மா ஒதுங்கறதா இருக்காது, நேரா பேச வேண்டிய ஆளைத் தவிர மத்த எல்லார்கிட்டயும் பேசறதுதான் நம்ம ஊர் ஒதுங்கல். டீக்கடைல, கேப்ல, மேனேஜர் இல்லாத தனி வாட்ஸ்அப் குரூப்ல. புலம்பறது தப்புன்னு சொல்ல வரல, புலம்பினா மனசு லேசாகும், ஆனா லேசான மனசோட திரும்பி வந்து உக்காந்துக்குவோம், பேச வேண்டியது அப்படியே கிடக்கும், மறுநாள் திரும்ப பாரம் ஏறும். ரெண்டு மாசத்துல அந்த டீக்கடைக் கூட்டம் ஒரு கட்சி ஆயிடும்.

எப்ப முத்திப் போச்சுன்னு கண்டுபிடிக்க நான் பாக்கறது பாஷைய. நேத்து வரைக்கும் "வாப்பா போப்பா"ன்னு இருந்தவங்க திடீர்னு "நீங்க"ன்னு மரியாதை குடுக்க ஆரம்பிச்சா சகுனம் சரியில்ல. தமிழ்ல பேசிக்கிட்டு இருந்தவங்க பக்கத்து சீட்டுக்காரனுக்கே இங்கிலீஷ்ல மெயில் போட ஆரம்பிச்சா அது அடுத்த கட்டம், ஏன்னா அது அவன் படிக்கறதுக்கு எழுதற மெயில் கிடையாது, நாளைக்கு எவனாவது கேட்டா காட்டறதுக்கு எழுதற மெயில். அதுல மேனேஜரை சிசில போட்டா போர் முழக்கம், மேனேஜரோட மேனேஜரையும் போட்டா குண்டு விழுந்தாச்சு. உங்க டீம்ல இப்போ எந்தக் கட்டம்னு நீங்களே பாத்துக்கலாம்.

இதுக்கு நேர் எதிரா ஒரு தப்பான ஆறுதலும் உண்டு, "எங்க டீம்ல சண்டையே இல்ல"ங்கறது. ஏமி எட்மண்ட்சன்னு ஹார்வர்டுல ஒரு பேராசிரியை, தொண்ணூறுகள்ல ஆஸ்பத்திரி வார்டுகள்ல மருந்து குடுக்கறதுல நடக்கற தப்புகளை ஆராய்ஞ்சாங்க. நல்ல டீமுல தப்பு கம்மியா இருக்கும்னுதானே யாரா இருந்தாலும் எதிர்பார்ப்பாங்க, கணக்கு தலைகீழா வந்துச்சு, நல்லாப் பழகற வார்டுலதான் பதிவான தப்பு ஜாஸ்தி. கூர்ந்து பாத்தா, அங்க தப்பு ஜாஸ்தி நடக்கல, சொல்றதுதான் ஜாஸ்தி நடந்திருக்கு. மத்த வார்டுல ஹெட் நர்ஸ் மூஞ்சிய நெனைச்சு மூடி மறைச்சிருக்காங்க. அதுல இருந்துதான் 1999ல அவங்க எழுதின அந்த உளவியல் பாதுகாப்புங்கற, அதாவது பயப்படாம வாய் தொறக்கலாம்ங்கற நம்பிக்கை பத்தின விஷயமே வளர்ந்துச்சு. அதனால மேனேஜருங்க யாராவது இதைப் படிச்சா, உங்க டீம்ல போன மாசம் யாருமே உங்ககிட்ட ஒரு கெட்ட செய்தி கூட கொண்டு வரலன்னா சந்தோஷப்படாதீங்க, சீட்ட விட்டு எந்திரிச்சுப் போய்ப் பாருங்க.

அதுக்காக சண்டை ஆரோக்கியம், நல்லா அடிச்சுக்கங்கன்னு சொல்ற மேனேஜ்மென்ட் குருமார்களையும் நான் நம்பறதில்ல. வேலை சம்பந்தமான கருத்து வேறுபாடு நல்லது, ஆள் சம்பந்தமான பகை கெட்டதுன்னு ரொம்ப நாளா பாடம் நடத்தினாங்க. 2003ல டி ட்ரூ, வைன்கார்ட்னு ரெண்டு ஆராய்ச்சிக்காரங்க அது வரைக்கும் வந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கூட்டிப் பாத்தப்போ, வேலைச் சண்டையும் டீமோட வேலையக் கெடுக்கத்தான் செய்யுதுன்னு வந்துச்சு. அது ஆள் சண்டையோட ஒட்டாம இருந்தா கெடுதி கொறைவு, அவ்வளவுதான். அனுபவத்துலயும் அப்படித்தான், "இந்த டிசைன் சரி வராது"ங்கறது "நீ சரி வர மாட்ட"ன்னு காதுல விழ எவ்வளவு நேரம் ஆகும்? மீட்டிங்ல பெரிய ஆள் ஒருத்தர் சிரிச்சாருன்னா போதும், அந்த நிமிஷமே ஒட்டிக்கும்.

சரி, நீங்க என்ன பண்ணணும். மொதல்ல தூது போறதை நிறுத்துங்க. சண்டை போட்டு நிறுத்த வேணாம், அடுத்த தடவை "அவர்கிட்ட சொல்லிடு"ன்னாங்கன்னா, "அண்ணா, நான் சொன்னா பாதி மறந்துடுவேன், டிக்கெட்லயே எழுதிடுங்களேன்"ன்னு சொல்லுங்க. டிக்கெட்னா பிழையையும் வேலையையும் எல்லாரும் பாக்கற மாதிரி பதிவு பண்றது, அப்படி எழுதிட்டா அவங்க வார்த்தை அவங்க வார்த்தையாவே போகும், நடுவுல பூசி மெழுக யாரும் இல்ல. ரெண்டு மூணு தடவை மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாங்க, தாங்கிக்கங்க. அவரு இவரைப் பத்தி சொன்னதை இவர்கிட்டயோ இவரு அவரைப் பத்தி சொன்னதை அவர்கிட்டயோ ஒரு எழுத்து கூட கொண்டு போகாதீங்க, நல்லதா இருந்தாலும் சரி, சமாதானம் பண்ணப் போன நல்லவங்கதான் கடைசில கோள் மூட்டினவன்னு பேரு வாங்கறாங்க.

அப்புறம், அந்த ரெண்டு பேரையும் ஒரே ரூம்ல உக்கார வச்சு கை குலுக்க வைக்கற வேலையெல்லாம் உங்க வயசுக்கும் பதவிக்கும் வேணாம். மேனேஜரே அதைப் பண்ணினாலும் பெரும்பாலும் பலிக்காது, ட்ரீட்டுன்னு பிரியாணி வாங்கிக் குடுத்து, எல்லாரும் சிரிச்சு போட்டோ எடுத்து, மறுநாள் காலைல பழைய குருடி கதவைத் திறடிதான். தனித்தனியா கேக்கணும், அதுவும் "ஏன் சார் அவரோட பேசறதில்ல"ன்னு கேக்கக் கூடாது, "எந்த எடத்துல உங்களுக்கு வேலை சிக்குது"ன்னு கேக்கணும். நான் கேட்ட வரைக்கும் பத்துக்கு ஏழு சண்டைல அடில கிடக்கறது ஈகோ இல்ல, யாரு எதுக்குப் பொறுப்புன்னு யாரும் தெளிவா சொல்லாததுதான். ரிலீஸை நிறுத்தற அதிகாரம் டெஸ்டிங்குக்கு உண்டா இல்லையா? உங்க டீம்ல இதுக்கு ஒரே பதில் வருதான்னு கேட்டுப் பாருங்க. வராதுன்னு நெனைக்கறேன்.

மேனேஜர்கிட்ட திரும்பப் போங்க, ஆனா இந்தத் தடவை சண்டையக் கொண்டு போகாதீங்க. "சார், அவங்க ரெண்டு பேரும் பேசிக்கறதில்ல"ன்னா அது குடும்பத் தகராறு மாதிரி இருக்கும், அவரு நழுவிடுவாரு. "சார், போன மாசம் மூணு டிக்கெட் ரீ ஓப்பன் ஆச்சு, மூணுலயும் தகவல் என் வழியா வந்ததுல லேட் ஆச்சு, இந்த இந்தத் தேதி, அடுத்த ரிலீஸுக்கும் இப்படியே போனா டெட்லைன் தள்ளும், ரிலீஸுக்கு முன்னாடி யாரு ஓகே சொல்லணும்னு நீங்க ஒரு மெயில் போட்டீங்கன்னா போதும்"னு சொல்லுங்க. ஆளைப் பத்தி ஒரு வார்த்தை இல்ல, தீர்ப்பு இல்ல, அவரு செய்ய வேண்டியது ஒரே ஒரு மெயில். தனியாப் போய்ச் சொல்லுங்க, நாலு பேர் முன்னாடி சொன்னா அவரு கவசத்தைப் போட்டுக்குவாரு, மேனேஜரும் மனுஷன்தானே.

எச்ஆர் பத்தி உள்ள இருந்தவனா உண்மையச் சொல்லிடறேன். எச்ஆர் கம்பெனியோட ஆளு, உங்களோட வக்கீல் கிடையாது. ரெண்டு பேர் பேசிக்கறதில்லன்னு நீங்க மெயில் போட்டா, அது மொதல்ல உங்க மேனேஜர்கிட்டதான் திரும்பப் போகும், நான் இருந்தப்பவும் அப்படித்தான் போச்சு. அதனால மேனேஜர் கிட்ட தேதியோட ரெண்டு தடவை சொல்லிப் பாத்துட்டு அப்புறம் போங்க. ஃபேக்டரி மாதிரி இடங்கள்ல வேலை செய்யறவங்களுக்கு சட்டத்துலயே வழி இருக்கு, 1947 தொழில் தகராறு சட்டத்துலயே நூறு பேரோ அதுக்கு மேலயோ இருந்தா, தொழிலாளர் தரப்பு முதலாளி தரப்பை விட கொறையாம உக்கார்ற ஒர்க்ஸ் கமிட்டி போட அரசாங்கம் உத்தரவு போடலாம்னு இருந்துச்சு, இருபது பேர் இருந்தாலே குறை தீர்க்கும் குழுங்கறது பின்னாடி வந்துச்சு, புது தொழில் உறவுச் சட்டத் தொகுப்புலயும் அது இருக்கு. மேனேஜர் வேலையிலயே இருக்கறவங்களுக்கு அது பொருந்தாது.

ஒண்ணே ஒண்ணு மட்டும் தனியா எடுத்து வச்சுடணும். அந்த ரெண்டு பேர்ல ஒருத்தர் பெண்ணா இருந்து, பேசாம இருக்கறதுக்குக் காரணம் அந்த ஆளு தப்பா நடந்துக்கிட்டதா இருந்தா, மேல நான் எழுதின எதையும் பண்ணாதீங்க. சமாதானம், டிக்கெட்ல எழுதறது, மேனேஜர் மெயில் எதுவுமே அதுக்கு வழி கிடையாது. வேலை எடத்துல பெண்களுக்கு நடக்கற பாலியல் தொல்லையத் தடுக்க வந்த 2013 சட்டப்படி பத்து பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யற எந்த இடத்துலயும் உள் புகார்க் குழு இருந்தாகணும், நடந்ததுல இருந்து மூணு மாசத்துக்குள்ள புகாரை எழுத்துல குடுக்கணும், குழு 90 நாளுக்குள்ள விசாரிக்கணும். சமரசம்ங்கறது அந்தப் பெண்ணே கேட்டாத்தான், அதுலயும் காசு குடுத்து முடிக்கக் கூடாது. "சின்ன மிஸ் அண்டர்ஸ்டாண்டிங்"னு சொல்லி இதை பஞ்சாயத்து பண்ண வந்த பெரிய மனுஷங்களை நான் நிறையப் பாத்திருக்கேன், உங்களையும் இழுப்பாங்க, போகாதீங்க.

வேலைய விடலாமான்னு கேட்டீங்க. மேனேஜர்கிட்ட தேதியோட பேசினப்புறம் ரெண்டு மாசம் டைம் வச்சுக்கங்க. அந்த ரெண்டு பேரும் ராசியாயிட்டாங்களான்னு பாக்காதீங்க, அது நடக்காமலே போகலாம். எங்க ஃபேக்டரில அந்த ரெண்டு பேரும் கடைசி வரைக்கும் பழைய மாதிரி ஆகல, ஒருத்தர் ரிட்டயர் ஆன அன்னிக்குக் கூட மாலைய போட்டுட்டு மூஞ்சியப் பாக்காமத்தான் எறங்கினாரு இன்னொருத்தர். ஆனா அந்த நைட் ஷிப்டுக்கப்புறம் பிளான்ட் ஹெட் அந்த "யாரோட தப்பு"ங்கற கேள்விய மாத்திட்டாரு, மெஷின் பக்கத்துலயே ஒரு போர்டு மாட்டி கேஜ் டைட்டா இருந்தா யாரு வேணும்னாலும் செவப்பு ஸ்விட்சை அமுக்கலாம், யாரையும் கேக்க வேணாம்னுட்டாரு. மொதல் தடவை அதை அமுக்கினது அந்த ஹெல்பர் தம்பிதான். போய்ப் பாத்தா கேஜ்ல அழுக்கு, பீஸ்ல ஒண்ணும் இல்ல, பதினஞ்சு நிமிஷம் லைன் நின்னுது. எல்லாரும் பிளான்ட் ஹெட் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருந்தாங்க. அவரு "சரி, கேஜைத் தொடைச்சுட்டு ஓட்டுங்க"ன்னு மட்டும் சொல்லிட்டு தம்பி தோள்ல ஒரு தட்டு தட்டிட்டுப் போனாரு. உங்க மேனேஜர்கிட்டயும் அந்த மாதிரி ஒரு நாள் வரும், யாரோ ஒருத்தர் தைரியமா வாயைத் தொறந்து தப்பா ஒண்ணு சொல்லுவாங்க. அன்னிக்கு அவரு என்ன பண்றாருன்னு பாத்துட்டு ரெஸ்யூமை அப்டேட் பண்றதா வேணாமான்னு முடிவு பண்ணிக்கங்க.